இன்னும் இருக்கிறது, போய்விடாதீர்கள்!



மும்பையில் நம்மவர்கள் குடியிருக்கும் பல பகுதிகளில் விடியுமுன்னே குழாயில் தண்ணீர் வந்துவிடும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தூக்கம் கலைவதற்காகத் தொலைக்காட்சியைப் போட்ட அனுபவம் உங்களில் அநேகருக்கு இருக்கும். அந்த வேளையில் செய்தியும் இராது, நாடகமும் இராது. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தக்காளி நறுக்கிக்கொண்டிருப்பார். நறுக்குகிறார் என்பதைவிட, தக்காளியோடு மல்யுத்தம் செய்கிறார் என்பதே சரி. கத்தி வழுக்கும், சாறு சுவரில் தெறிக்கும். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். படம் கறுப்பு வெள்ளையில் இருக்கும். அதன்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி விழும்.

நம் வீட்டுத் தாயாரோ, மங்கிய வெளிச்சத்தில் அரிவாள்மணையை வைத்து ஒரு கிலோ வெங்காயத்தை அரிந்து முடித்துவிட்டு, "பாவம், இந்த அம்மாவுக்கு யாரும் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்" என்று இரக்கப்படுவார்.

உடனே படத்துக்கு வண்ணம் வரும். புன்னகை மாறாத ஒரு மனிதர் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு தோன்றுவார். "வாவ் ஜான்! இது உண்மையிலேயே அற்புதம்! என்னால் நம்பவே முடியவில்லை!" என்று பெண்மணி கூவுவார். வாய் ஆங்கிலத்தில் அசையும், குரல் தமிழிலோ இந்தியிலோ வரும். வாய் மூடிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருக்கும். விலை ரூ.4,990 என்று எழுதி, அதை அடித்து, ரூ.2,490 என்பார்கள். கை பணப்பையை நோக்கிப் போகும்போது அந்தப் பிரசித்திபெற்ற வாக்கியம் வரும்: "போய்விடாதீர்கள், இன்னும் இருக்கிறது!"

மூன்று பகுதிப் பிரசங்கம்

வேதாகமக் கல்லூரியில் எங்களுக்குப் பிரசங்கக் கலையைக் கற்பித்தார்கள். முன்னுரை, மூன்று பகுதிகள், இறுதியில் அழைப்பு. இந்த விளம்பரங்களைக் கவனித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சற்று வெட்கமும் வந்தது. அவர்களும் அதே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள்!

முதற்பகுதி, உன் வாழ்க்கை துன்பமானது. இரண்டாம் பகுதி, இதோ விடுதலை. மூன்றாம் பகுதி, சாட்சிகள். "நான் முன்பு நூறு கிலோ இருந்தேன், இப்பொழுது பாருங்கள்!" என்று ஒருவர் பழைய கால்சட்டையைத் தூக்கிக் காட்டுவார். பிறகு அழைப்பு: "முதல் நூறு பேருக்கு மட்டும், இன்னும் பத்து நிமிடம் மட்டும்!" மூலையில் கடிகாரம் ஓடும். ஆனால் நிகழ்ச்சி முன்பே பதிவு செய்யப்பட்டது. நாளைக்கு அதே ஜான், அதே தக்காளி, அதே பத்து நிமிடம். அந்த நூறு பேர் ஆண்டுக்கணக்காக நிறைவதேயில்லை.

வந்த வழி

இந்த வியாபாரம் பிறந்தது அமெரிக்காவில். ஒரு மணிநேர ஒளிபரப்பில் எத்தனை நிமிடம் விளம்பரம் வரலாம் என்று அங்கே ஒரு வரம்பு இருந்தது. 1984-ஆம் ஆண்டு அதை எடுத்துவிட்டார்கள். அரைமணிநேரம் முழுவதுமே விளம்பரமாக ஓடத் தொடங்கியது அதற்குப் பின்புதான். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் ஒளிபரப்பு நேரம் மலிவாகக் கிடைக்கும். தூக்கம் வராதவரும் மனம் சோர்ந்தவரும் விழித்திருக்கும் வேளையும் அதுவே.

இந்த விற்பனையில் பெயர்பெற்றவர் ரான் பாப்பீல். சிக்காகோவின் தெருச் சந்தையில் கூவி விற்றுத் தொழில் கற்ற அவர், 2021-இல் மரிக்கும்வரை இக்கலைக்கு முன்னோடியாக எண்ணப்பட்டார். காய்கறி நறுக்கும் கருவி, கோழி சுடும் அடுப்பு முதலியவற்றோடு, வழுக்கைத் தலையில் தெளிக்கும் ஒரு டப்பாவையும் விற்றார். தலையில் வழுக்கை இருந்த இடத்தில் தூள் படிந்து, தூரத்திலிருந்து பார்த்தால் முடிபோல் தெரியும். சுவருக்கு அடிக்கிறோமே, ஏறக்குறைய அதே வேலை. 2008-இல் கைவைத்த கம்பளி ஒன்று வந்தது. குளியல் அங்கியை முன்பின்னாகப் போட்டால் என்ன கிடைக்குமோ, அதுதான் அது. அதுவும் இரண்டு கோடிக்கு மேல் விற்றது.

1990-களில் கேபிள் தொலைக்காட்சியோடு இவை நம் நாட்டுக்கும் வந்தன. வயிற்றில் கட்டிக்கொண்டால் கொழுப்பு கரையும் என்ற சூட்டுப் பட்டையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மே மாத மும்பையில் வியர்ப்பதற்குப் பட்டை எதற்கு? மின்விசிறியை நிறுத்தினால் போதாதா? அதில் குறைவது உடம்பின் தண்ணீர்தான், கொழுப்பு அல்ல. இரண்டு டம்ளர் மோர் குடித்தால் எடை திரும்பிவிடும். மின்சாரத்தால் வயிற்றைத் துடிக்கவைக்கும் பட்டைகளை விற்ற மூன்று தரப்பினர்மேல் அமெரிக்க வணிக ஆணையம் 2002-இல் வழக்குத் தொடுத்தது.

அடுத்து வந்தது மடக்கும் உடற்பயிற்சி இயந்திரம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டுக்குள் அது வந்து சேர்ந்தது. நான் ஜெபிக்கச் சென்ற சில வீடுகளில் அதைக் கண்டிருக்கிறேன். ஒன்றில் அது துணி காயப்போடும் கொடியாயிருந்தது, மற்றொன்றில் பள்ளிக்கூடப் பைகள் தொங்கின. எவ்வகையிலோ பயன்பட்டது என்று ஸ்தோத்திரம் சொல்லவேண்டியதுதான்.

போதகர் மட்டும் தப்பினாரோ என்று கேட்பீர்கள். இல்லை. 2003-இல் காய்கறி நறுக்கும் பெட்டி ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். என் மனைவியின் கைவலி குறையட்டும் என்ற நல்ல எண்ணம்தான். வெங்காயத்தை இரண்டு நிமிடத்தில் அது நறுக்கியது, பொய்யில்லை. ஆனால் அதன் பதினோரு பாகங்களைக் கழற்றி, பல்லிடுக்குகளில் சிக்கியதைத் துடைப்பக்குச்சியால் எடுத்துக் கழுவ இருபது நிமிடம் ஆயிற்று. நான்காம் நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை, அரிவாள்மணையை எடுத்து உட்கார்ந்தாள். இன்றும் அந்தப் பெட்டி பரணில் இருக்கிறது.

அன்று சிரிக்காத ஒருவன்

பிரியமானவர்களே, இதுவரை நாம் சேர்ந்து சிரித்தோம். இனிச் சொல்லப்போவது என் குற்றத்தைப் பற்றியது.

2006-இல் ஒரு வாலிபர் கூடுகையில் இந்த விளம்பரங்களைப் பற்றி நான் வேடிக்கையாகப் பேசினேன். உயரம் கூட்டும் பொடியைச் சொன்னபோது கூட்டம் கலகலத்தது. "பாலில் கலந்து குடித்தால் உயரமாகலாம் என்றால், பால் கொடுக்கும் எருமை ஏன் ஒட்டகமாகவில்லை?" என்றேன். பின்வரிசையில் ஒரு தம்பி மட்டும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

மறுநாள் மாலை அவன் தாயார் வந்தார். நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைக்கும் சகோதரி. "ஐயா, அந்தப் பொடியை நாங்கள் வாங்கியிருக்கிறோம்" என்றார். மகனுக்குப் பத்தொன்பது வயது. போலீஸ் வேலைக்குப் போக அவனுக்கு ஆசை. மகாராஷ்டிரத்தில் காவலர் தேர்வுக்கு ஆண்கள் 165 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். அவன் 162. மூன்று டப்பாக்கள், ரூ.3,000. திருநெல்வேலிப் பக்கத்தில் இருக்கும் பாட்டிக்கு அனுப்பவேண்டிய இரண்டு மாதப் பணம் அது. "நேற்று வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் பேசவில்லை, ஐயா. மருந்து பொய் என்று தெரிந்ததுகூட அவனுக்குப் பெரிதல்ல. எல்லாரும் சிரித்தார்களே, அதுதான்."

நான் என்ன பதில் சொல்வேன்? பொடி விற்றவன் அவனுடைய பணத்தை எடுத்தான். மீந்திருந்த மானத்தை நான் எடுத்தேன். அன்றிரவே அவர்கள் வீட்டுக்குப் போய் அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று நான் கற்றது இது: பொருளைப் பார்த்துச் சிரிக்கலாம், விற்பவனின் தந்திரத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், வாங்கியவரைப் பார்த்துச் சிரிக்கலாகாது. அவர் மூடத்தனத்தால் மட்டும் வாங்குவதில்லை. ஏதோ ஒரு வேதனை அவரை வாங்கவைக்கிறது. குள்ளம் என்று கேலிசெய்யப்பட்ட பையன், கறுப்பு என்று தட்டிக்கழிக்கப்பட்ட பெண், மூட்டுவலியோடு மாடிப்படி ஏறும் முதியவர் ஆகிய இவர்களுடைய கண்ணீரை அந்த விளம்பரக்காரன் நம்மைவிடக் கூர்மையாகக் கவனித்திருக்கிறான். நாம் கவனிக்காமல் விட்ட இடத்தில்தான் அவன் கடைபோடுகிறான்.

எலும்பு நுனிகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் பெரும்பாலும் இருபது வயதுக்குள் இறுகிவிடுகின்றன. அதன்பின் எந்தப் பொடியும் உயரத்தைக் கூட்டாது. ஒருவன் தன் சரீர அளவோடு ஒரு முழத்தைக் கூட்டமுடியுமா என்ற பொருளில் மத்தேயு 6:27-இல் ஆண்டவர் கேட்ட கேள்வியை நாம் அறிவோம். ஆனால் நம் நாட்டுச் சட்டமும் இதைச் சொல்லியிருக்கிறது என்பதை நம்மில் அநேகர் அறியோம். மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டம், உயரம், உடற்பருமன், நீரிழிவு முதலியவற்றைக் குணமாக்குவதாகவோ மாற்றுவதாகவோ மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம்வரை சிறை விதிக்கலாம். நோய் தீர்ப்பதாகச் சொல்லி விளம்பரம் செய்யப்படும் தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவையும் அச்சட்டத்துக்குள் அடங்கும். அற்புத சக்தி உண்டென்று சொல்லி யந்திரங்களைத் தொலைக்காட்சியில் விற்பது சட்டவிரோதம் என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

நம் வீட்டையும் பார்ப்போம்

இதைக் கேட்டு, "பார்த்தீர்களா, மற்றவர்களின் மூடநம்பிக்கை!" என்று நாம் தலைநிமிரவேண்டாம். 2020-இல் கொரோனா பரவத் தொடங்கிய நாட்களில், அமெரிக்காவில் ஜிம் பேக்கர் என்ற ஊழியக்காரரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வெள்ளி கலந்த ஒரு திரவம் விற்கப்பட்டது. கொரோனா வகைக் கிருமிகளையும் அது ஒழிக்கும் என்ற தோரணையில் விருந்தினர் ஒருவர் பேசினார். அரசு எச்சரித்தது, மிசூரி மாநிலம் வழக்குத் தொடுத்தது. தவறை ஒப்புக்கொள்ளாமலே, வாங்கியவர்களுக்குச் சுமார் 1,56,000 டாலர் திருப்பிக் கொடுக்க 2021-இல் இணங்கினார்கள். எண்ணெய்க் குப்பிக்கும் கைக்குட்டைக்கும் விலை வைத்து, மூலையில் தொலைபேசி எண் ஓடவிடும் எவரும் ஜானின் உடன்பிறப்பே. மேடையில் நிற்கும் என்னையும் இந்த அளவுகோலால் அளந்துபாருங்கள்.

தொலைபேசியை எடுக்குமுன்

இன்று ஜான் கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டார். அரைமணி விளம்பரம் அரை நிமிடமாய்ச் சுருங்கிவிட்டது. ஆகவே வீட்டிலுள்ள எல்லாரும் அறிந்திருக்கவேண்டியவை சில:

ஒன்று, ஒரு வாரம் பொறுங்கள். இன்று மட்டும் என்று சொல்லப்பட்ட விலை பெரும்பாலும் அடுத்த வாரமும் இருக்கும். உங்கள் ஆசை இருக்கிறதா என்று அப்பொழுது பாருங்கள்.

இரண்டு, உடம்பைப் பற்றிய பொருளானால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விளம்பரத்தில் வெள்ளை அங்கி போட்டவரெல்லாம் மருத்துவர் அல்லர்.

மூன்று, ரசீதையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். விளம்பரத்தைப் படம்பிடித்து வையுங்கள்.

நான்கு, ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இது பெரிய உதவி. கொடுத்த விலை ரூ.5 லட்சத்துக்கு உட்பட்டதானால் கட்டணமும் இல்லை. பொய் விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரையும், மறுபடி செய்தால் ரூ.50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இச்சட்டம் இடந்தருகிறது.

ஐந்து, இதுவே முக்கியம். உங்கள் வீட்டில் ஒருவர் இப்படிப்பட்ட பொருளை வாங்கிவந்தால், விலையைக் கேட்குமுன், "உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேளுங்கள்.

அந்தத் தம்பி போலீஸ்காரன் ஆகவில்லை. மின்வேலை கற்று, இன்று நவி மும்பையில் சொந்தமாகத் தொழில் செய்கிறான். திருமணமாகி இரண்டு பிள்ளைகள். சென்ற மாதம் அவன் வீட்டுக்கு ஜெபிக்கப் போயிருந்தேன். தேநீர் கொண்டுவந்த அவன் தாயார் அடுப்படி அலமாரியைக் காட்டிச் சிரித்தார். பழைய பொடி டப்பாக்கள் மூன்றும் வரிசையாக இருந்தன. ஒன்றில் மிளகு, ஒன்றில் சீரகம், ஒன்றில் கடுகு.

"மூவாயிரம் ரூபாய் டப்பா, ஐயா. எறிய மனம் வரவில்லை" என்றார்.

அவன் கடுகு டப்பாவைக் கையில் எடுத்து, "கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா, ஐயா?" என்று கேட்டான். இம்முறை அவன்தான் முதலில் சிரித்தான். அதன் பிறகே நான் சிரித்தேன்.