வார விடுப்புக்கு மறுநாள் இறுகும் நெஞ்சு

நூற்பாலைத் தொழிலாளி ஒருவருக்கு வார விடுப்பு முடிந்து ஷிப்டுக்குத் திரும்பும் நாளில் மட்டும் நெஞ்சு இறுகி மூச்சு வாங்கினால், அதைச் சளி என்றும் அசதி என்றும் தள்ளிவிடக் கூடாது. பஞ்சுத் தூசியால் வரும் பைசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. இந்தக் கட்டத்திலேயே கண்டுபிடித்து ஆளைத் தூசியிலிருந்து விலக்கினால் நுரையீரல் பெருமளவு தேறும். பல ஆண்டு கவனிக்காமல் விட்டால், இழந்த மூச்சை எந்த மருந்தும் மீட்டுத் தராது.

கோவையில் முதல் நூற்பாலை 1888-இல் வந்தது. இன்று நாட்டின் நூற்பாலைகளில் ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டில் இருக்கின்றன. கோவை, திருப்பூர், திண்டுக்கல், ராஜபாளையம் வட்டாரங்களில் மில் வேலைக்குப் போன ஆள் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. ஆனாலும் இந்த நோயின் பெயர் அங்கே அதிகம் அடிபடுவதில்லை.

தூசி அதிகம் கிளம்புவது தொடக்க வேலைகளில்தான். பேலைப் பிரித்துப் பஞ்சை உதறிக் கொடுக்கும் புளோரூமிலும், அதைச் சீவி இழையாக்கும் கார்டிங்கிலும் இது உச்சம். காற்றில் மிதந்து தலையிலும் புருவத்திலும் ஒட்டும் வெள்ளைப் பஞ்சைத்தான் எல்லோரும் தூசி என்கிறார்கள். மூக்குக்கு எரிச்சல் தருவதைத் தவிர அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஆபத்து கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியில் இருக்கிறது. பருத்திக் காயைச் சுற்றியிருந்த இலைத் துணுக்குகள் காய்ந்து நொறுங்கிப் பஞ்சோடு வருகின்றன. அவற்றில் வளர்ந்த பாக்டீரியாக்களின் நச்சு, நுண்தூசியோடு சேர்ந்து மூச்சுக்குழலின் கடைசிக் கிளை வரை போய் அழற்சியை உண்டாக்குகிறது. கழிவுப் பஞ்சை மறுபடி நூலாக்கும் ஓஇ மில்களில் வரும் பஞ்சு ஏற்கெனவே பல மெஷின்களில் அடிபட்டது. அங்கே தூசி இன்னும் கூடுதல்.

விடுப்புக்கு மறுநாள் ஏன் இறுகுகிறது? தொடர்ந்து தூசியில் நிற்கும் உடல் இரண்டொரு நாளில் அதற்கு ஓரளவு பழகிவிடுகிறது. ஒரு நாள் வெளியில் இருந்தால் அந்தப் பழக்கம் கலைகிறது. திரும்பி வந்து சில மணி நேரத்தில் மூச்சுக்குழல் சுருங்குகிறது. மறுநாள் தேவலை என்று ஆகிவிடுவதால் டாக்டரிடம் போக யாருக்கும் தோன்றுவதில்லை. 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளை ஆராய்ந்த மருத்துவர் ரிச்சர்ட் ஷில்லிங், நோயைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். முதலில் எப்போதாவது ஒரு முதல் நாளில் இறுக்கம், பிறகு ஒவ்வொரு முதல் நாளிலும், பிறகு வாரத்தின் மற்ற நாட்களிலும். கடைசிப் படியில் விடுப்பு எடுத்தாலும் இல்லாவிட்டாலும் மூச்சுத் திணறல் நிரந்தரம்.

லங்காஷயரில் எல்லா ஆலையும் ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்தது. திங்கட்கிழமை ஒரு ஷெட் முழுக்க இருமியதால் நோயின் சுவடு பளிச்சென்று தெரிந்தது. நம் ஆலைகள் மூன்று ஷிப்டும் ஓடுகின்றன. வார விடுப்பு ஆளுக்கொரு நாள். ஒருவர் செவ்வாய் இருமுகிறார், அடுத்தவர் வெள்ளி இருமுகிறார். சூப்பர்வைசர் கண்ணுக்கு இது நாலைந்து பேரின் சாதாரண இருமல். வருகைப் பதிவேட்டை எடுத்து, இருமிய நாளை ஒவ்வொருவரின் விடுப்பு நாளோடு பொருத்திப் பார்த்தால்தான் விஷயம் வெளிவரும். அதை யாரும் பார்ப்பதில்லை.

ஆட்கள் நிலைக்காததும் நோயை மறைக்கிறது. ஹாஸ்டலில் தங்கி இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் பெண்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கான்ட்ராக்டர் மூலம் வரும் இளைஞர்கள் என்று முகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மூச்சு முட்டுகிறவர் தானாகவே வேலையை விட்டு நின்றுவிடுவார், தாக்குப்பிடித்தவர் மிஞ்சுவார். மிஞ்சியவர்களை மட்டும் பரிசோதித்துவிட்டு, எங்கள் ஆலையில் எல்லோரும் ஆரோக்கியம் என்று அறிக்கை எழுதுவது எளிது. கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் விபத்தில்லா நாட்கள் பலகையிலும் இந்த நோய் ஒரு நாளைக்கூடக் குறைக்காது. விரல் நசுங்கினால் எண் பூஜ்யத்துக்குத் திரும்பும். மூச்சு குறைந்தால் பலகை அப்படியே ஏறிக்கொண்டிருக்கும்.

ஆலைகளில் பாதுகாப்பு என்று நம்பப்படும் மூன்று விஷயங்கள் உண்டு. தூசியை உள்ளே இறக்கிவிடும் என்று வெல்லமோ வாழைப்பழமோ சாப்பிடும் பழக்கம் முதலாவது. சாப்பாடு போவது உணவுக்குழலில், தூசி போவது மூச்சுக்குழலில். தொண்டையில் ஒட்டிய கரகரப்பு போகலாம், நுரையீரலில் இறங்கியதை வெல்லம் தொடவே தொடாது. இரண்டாவது, முகத்தில் கட்டும் கர்ச்சீப்பும் துணி மாஸ்க்கும். அவை தடுப்பது பறக்கும் பஞ்சை. நுண்தூசி நெசவின் இடைவெளியில் சுலபமாகப் புகுந்துவிடும்.

மூன்றாவதுதான் மோசமானது, ஆண்டுக்கொரு முறை எடுக்கும் எக்ஸ்ரே. காசநோயையும், கல்தூசியால் வரும் சிலிகோசிஸையும் எக்ஸ்ரே காட்டும். பைசினோசிஸுக்கென்று அதில் தனி அடையாளம் எதுவும் தெரியாது. படம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லித் தொழிலாளியைத் திரும்ப கார்டிங்குக்கே அனுப்புகிறார்கள். முற்றிய பிறகு இஎஸ்ஐ மருந்தகத்தில் ஆஸ்துமா என்று சீட்டில் எழுதப்படுகிறது. நோயாளி எந்த டிபார்ட்மென்டில் எத்தனை வருடம் நின்றார் என்ற கேள்வி கேட்கப்படாவிட்டால், தொழில்நோய்க்கான இழப்பீட்டுக் கதவும் அத்தோடு மூடிவிடுகிறது.

இத்தனைக்கும் சட்டம் இந்த நோயை அறியாதது அல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, கண்டால் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் இதைச் சேர்த்திருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் இது இருக்கிறது. தெரிவிக்கும் கடமை நிர்வாகத்துக்கும் உண்டு, சிகிச்சை தரும் மருத்துவருக்கும் உண்டு. புதிய சட்டத்தின் பயனாக 40 வயது கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்று அரசு அறிவித்தது. நூற்பாலையில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டுவதற்குள் வெளியேறிவிடுகிறார்கள் என்பதை ஆலைகள் நினைவில் வைக்க வேண்டும்.

தடுக்க முடியுமா என்பதில் சந்தேகம் தேவையில்லை, தடுத்துக் காட்டிய நாடு உண்டு. அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் மூச்சிழந்த ஆலைத் தொழிலாளர்கள் 1975-இல் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 1978-இல் அந்நாட்டு அரசு, நூற்கும் பகுதிகளில் ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசி 200 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. செலவு கட்டுப்படியாகாது என்று ஆலை அதிபர்கள் வழக்குத் தொடுத்தார்கள். செய்ய முடிந்த அளவுக்குத் தொழிலாளரின் உடல்நலத்தைக் காப்பதே சட்டத்தின் நோக்கம், லாப நஷ்டக் கணக்கு பார்த்து அதைக் குறைக்க வேண்டியதில்லை என்று 1981-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூசியை மூலத்திலேயே உறிஞ்சும் மூடிய மெஷின்கள் வந்தன, நோயும் வெகுவாகக் குறைந்தது.

அந்த விதியிலிருந்து நம் ஆலைகள் இன்றே எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு. ஏர் ஹோஸை வைத்து மெஷினை ஊதிச் சுத்தம் செய்வதை முதலில் நிறுத்த வேண்டும். இறங்கிப் படிந்த நுண்தூசி முழுவதையும் அந்த ஒரு நிமிடம் மறுபடி காற்றில் ஏற்றிவிடுகிறது. ஷிப்ட் முடிவில் உடுப்பின் மேலேயும் அதே காற்றை அடித்துக்கொள்கிறார்கள். உறிஞ்சும் வேக்குவம் கருவி வைத்தால் இரண்டும் தேவைப்படாது. அடுத்தது, ஸ்பைரோமீட்டர் என்ற ஊதும் கருவி. முழு மூச்சை இழுத்து ஊதும்போது முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று அது அளக்கும். குறைந்தது 35 மணி நேரம் தூசியில்லாமல் இருந்துவிட்டு வரும் முதல் நாளில், உள்ளே நுழையும் முன் ஒரு முறையும், வேலை தொடங்கி 4 மணி நேரத்துக்குப் பிறகு இன்னொரு முறையும் ஊத வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் நோய் அகப்படும். வேறொரு நாளில் ஊதினால் அது தப்பிவிடக்கூடும். முதல் நாள் நெஞ்சு இறுகுகிறதா என்ற ஒரு கேள்வியைத் தொழிலாளியின் தாய்மொழியில், தமிழிலோ இந்தியிலோ ஒடியாவிலோ, கேட்டு எழுதி வைப்பதற்குச் செலவே இல்லை. மூச்சு குறைந்தவரை வேலையிலிருந்து நீக்காமல், சம்பளம் குறையாமல் தூசி குறைந்த டிபார்ட்மென்டுக்கு மாற்ற வேண்டும். நீக்கிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு இந்தச் சேதம் கூடுதல் என்பதையும் வேலைக்குச் சேரும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு டிபார்ட்மென்டின் தூசி அளவு, ஷிப்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த மூச்சளவு, வேலையை விட்டு நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்ற குறிப்பு. இந்த மூன்றும் கையில் இல்லாத ஆலை, தன்னிடம் நோய் இல்லை என்று சொன்னால் அதற்கு ஆதாரம் கிடையாது. அளந்து பார்க்கவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள்.