சபையில் ஆரோக்கிய ஊழியம்: முகாம் முடிந்த திங்கட்கிழமை என்ன செய்வீர்கள்?

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "நம்ம சபையில ஆரோக்கிய ஊழியத்தை நீங்க பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டாரா? நீங்கள் நர்ஸாக இருக்கலாம், ஓரகடத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கலாம், படப்பையிலேயே ஓய்வுபெற்ற டீச்சராகவும் இருக்கலாம். "சரிங்கய்யா" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்த பிறகுதான் கேள்விகள் வரும்.

நான் என்னதான் செய்ய வேண்டும்?

வைத்தியம் பார்ப்பது டாக்டர் வேலை. ஜெபத்தை நடத்துவது பாஸ்டர் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே ஆளில்லாமல் கிடக்கிற இடம்தான் உங்களுடையது. பிரஷர் இருக்கிறது என்று தெரிந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போனாரா, மாத்திரை வாங்கினாரா, வாங்கியதை விழுங்குகிறாரா? இதை விசாரிக்க ஓர் ஆள் வேண்டும்.

இது புதிதாக முளைத்த யோசனையா?

இல்லை. 1980களின் நடுவில் சிகாகோ பக்கம் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் என்ற லூத்தரன் போதகர், சபைகளில் நர்ஸ்களை அமர்த்திப் பார்த்தார். அவர்கள் அங்கே ஊசி போடவில்லை. உட்கார்ந்து கேட்டார்கள், விளக்கினார்கள், சரியான டாக்டரிடம் அனுப்பினார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வேலூரில் ஐடா ஸ்கடர் 1902-ல் மருத்துவமனை திறந்தவர்; ஆனாலும் நோயாளி தேடி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. குடியாத்தம் சாலையில் வாராவாரம் போய், வழியில் மரத்தடியில் நிறுத்தி வைத்தியம் பார்த்தார். அடுத்த வாரமும் வருவார் என்று ஜனங்களுக்குத் தெரியும். அதுதான் அதில் முக்கியம்.

நான் நர்ஸ் இல்லையே, என்னால் முடியுமா?

முடியும். வேலூர் சி.எம்.சி.யில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர் 1970-ல் மகாராஷ்டிராவின் ஜாம்கேட் கிராமங்களில் வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் பயிற்சி கொடுத்து ஊர் சுகாதாரப் பணியாளர்களாக நிறுத்திய பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உங்கள் சபையில் ஒரு நர்ஸோ டாக்டரோ இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

வருஷத்துக்கு ஒரு முகாம் போதாதா?

பந்தல், பேனர், வரிசை, கடைசியில் ஒரு போட்டோ. முகாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு "உங்களுக்கு சுகர்" என்று சீட்டு வாங்கிப் போனவர் திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் ஏறிவிடுவார். சீட்டு பைபிளுக்குள் போய்விடும். என்னைக் கேட்டால், முகாமை விட அதன் மறுநாள் நீங்கள் பண்ணும் போன்தான் பெரிய காரியம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: பெயர், அளவு, தேதி, டாக்டரைப் பார்த்தாரா, அடுத்து எப்போது விசாரிக்க வேண்டும். பின்தொடர ஆள் இல்லையென்றால் நூறு பேருக்குப் பார்க்காதீர்கள், இருபது பேருக்குப் பாருங்கள்.

பிரஷர் பார்ப்பதில் தவறு எங்கே வரும்?

அவசரத்தில். மாடி ஏறி வந்தவரை உடனே பார்த்தால் அளவு கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். டீயோ பீடியோ குடித்திருந்தால் அரை மணி நேரம் போகட்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், பார்க்கும்போது பேச்சு வேண்டாம். இரண்டு முறை பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், "உங்களுக்கு பிரஷர் வந்துவிட்டது" என்று தீர்ப்புச் சொல்லாமல் டாக்டரிடம் அனுப்புங்கள். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் யோசிக்காமல் 108. சுகர் பார்த்தால், விரலில் குத்தும் ஊசிமுனை ஒருவருக்கு ஒன்று. மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல.

மாத்திரைக்குக் காசில்லை என்பவருக்கு?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் தெருவுக்கு வரும் பணியாளர் யார் என்று கேட்டு வையுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள கம்பெனித் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. (சம்பளத்தில் சிறு பங்கு பிடித்து நடத்தும் தொழிலாளர் காப்பீடு) இருக்க வேண்டும். கான்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும், கையில் அட்டை இருக்காது. இந்தப் பக்கம் பையன்கள் பலர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை உட்கார வைத்து இ.எஸ்.ஐ. எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுப்பதும் ஆரோக்கிய ஊழியம்தான். நைட் ஷிஃப்ட்காரர் "காலை, இரவு" என்று எழுதிய மாத்திரையை எப்போது போடுவது என்று குழம்புவார். ஷிஃப்ட் நேரத்தை டாக்டரிடம் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள்.

உபவாச ஜெபத்தில் கவனிக்க என்ன இருக்கிறது?

நிறைய. சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்குவது) வரலாம். கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு தடுமாறும். ஜெபத்தின் நடுவே இதை வேறு எதுவாகவோ நினைத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு! நினைவோடு இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியவில்லையென்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். லெந்து நாட்கள் தொடங்குமுன், "சுகர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு உபவாசம் இருங்கள்" என்று பாஸ்டர் வாயாலேயே ஓர் அறிவிப்பு வரட்டும். நீங்கள் பத்து முறை சொல்வதை விட அது எடுபடும்.

"கர்த்தர் சுகம் கொடுத்துட்டார், மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றால்?

விசுவாசத்தைப் பற்றி வாதாடாதீர்கள், அது வேறு பேச்சு. "சந்தோஷம்க்கா, அந்த சாட்சியை டாக்டர்கிட்டயும் சொல்லிட்டு, ஒரு டெஸ்ட் எடுத்துட்டு அவர் சொல்ற மாதிரி செய்யுங்க" என்று சொல்லிப் பாருங்கள். வலிப்பு, மனநோய், காசநோய் மாத்திரைகளைப் பாதியில் விட்டால் ஆபத்து அதிகம். சபை நோட்டீஸில் "சர்க்கரை நோய், புற்றுநோய் குணமாகும்" என்று அச்சடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். மந்திர, மாய முறைகளால் இப்படி நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954-லேயே ஒரு மத்தியச் சட்டம் வந்திருக்கிறது.

ஜெபக் குறிப்பில் நோயின் பெயரைப் போடலாமா?

இங்கேதான் நல்ல மனசுக்காரர்களும் சறுக்குகிறார்கள். "இன்ன சகோதரிக்கு இன்ன வியாதி, ஜெபியுங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மறுநாள் தெரு முழுக்கத் தெரியும். வரன் பார்க்கிற வீடாக இருந்தால் சம்பந்தமே முறியும். எச்.ஐ.வி. நிலையைச் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எந்த நோயானாலும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். "ஒரு சகோதரிக்காக" என்றாலே ஜெபத்துக்குப் போதும். உங்கள் நோட்டுப் புத்தகம் உங்கள் வீட்டு அலமாரியில், பூட்டோடு இருக்கட்டும்.

சபைக்கு வராத பக்கத்து வீட்டுக்காரர் வந்தால்?

பாருங்கள். பிரஷர் பார்க்க நீங்கள் போடும் நாற்காலி அவருக்கும் சேர்த்துத்தான். பிரஷர் பார்ப்பதற்குக் கூலியாக ஜெபத்தையோ கைப்பிரதியையோ வைக்காதீர்கள். "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று ஒருமுறை கேட்கலாம். "வேண்டாங்க" என்றால் விட்டுவிட்டு, அவர் பெயரையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த மாதம் அவருக்கும் ஒரு போன் போகட்டும்.