பழைய கூண்டும் புதிய பிராணியும்

டில்லி புராணா கிலாவை அடுத்து, 1959 நவம்பர் 1-இல் திறக்கப்பட்ட மிருகக்காட்சிசாலையில் ஊர்வனவற்றிற்கெனத் தனி இல்லம் உண்டு. இத்தகைய இல்லங்களில் ஒரு பாம்பு நீங்கிய கூண்டிற்கு மற்றொன்று வருதல் இயல்பு. வெற்றுக் கூண்டு கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றலாம். ஆயினும் முன்னிருந்த பிராணியின் நோய் அதில் தங்கியிருத்தல் கூடும். மீட்கப்பட்ட பாம்பை வைக்கும் பெட்டிக்கும் இது பொருந்தும்.

எடுத்தவுடன் கிருமிநாசினியைத் தெளிப்பது வீண். மலமும் மண்ணும் குளோரினின் வலிமையைக் குறைத்துவிடும். முதலில் அழுக்கைச் சுரண்டி, சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். பின்னர் வீட்டு உபயோகத்திற்கான பிளீச்சிங் திரவம் 1 பங்கிற்கு நீர் 10 பங்கு கலந்து பூசி, 10 நிமிடங்கள் ஈரமாக வைத்திருந்து, நன்கு அலசி உலர்த்துதல் வேண்டும். பழைய மரத்துண்டுகளின் நுண்துளைகளில் கிருமிகள் ஒளிந்திருக்குமாதலால், அவற்றை அகற்றிவிடுதலே நன்று. பினாயில் கூடாது, அது ஊர்வனவற்றிற்கு நஞ்சு.

பாம்பின் இரைப்பையைத் தாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி குளோரினால் மடிவதில்லை. அதற்குக் கொதிநீராவியோ, நெடுநேரம் ஊறும் 5 சதவிகித அம்மோனியாக் கரைசலோ தேவை. அம்மோனியாவைப் பிளீச்சிங் திரவத்துடன் ஒருபோதும் கலக்கலாகாது, நச்சுவாயு எழும்.

ஊர்வனவற்றின் குடலில் வாழும் சால்மொனெல்லா மனிதரையும் தாக்கும். சிறுவர்கள் இதனால் நோயுற்றமையால், அமெரிக்காவில் 1975-இல் சிறு ஆமைகளின் விற்பனை தடை செய்யப்பட்டது. ஆகவே, கூண்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதிருத்தலும், பணி முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதலும் இன்றியமையாதன.