உயிர்ச்சத்தும் அதன் போலியும்

முதிர்வுத் தேதிக்கு முன்பே வைப்புத்தொகையை முடித்துக்கொள்ள வருவோரிடம் காரணம் கேட்பது எங்கள் வழக்கம். மருத்துவச் செலவு என்போர் பலர். அவர்களுள் ரத்தப் புற்றுநோய் என்று சொல்ல நேர்ந்தவர்களின் குரல் தாழ்ந்துவிடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் 1947ஆம் ஆண்டுக்கு முன், அந்நோய் கண்ட குழந்தையின் பெற்றோரிடம் எவ்வளவு பணம் இருந்தாலும் வாங்குவதற்கு உருப்படியான மருந்து இல்லை. சில வாரங்கள் அல்லது சில மாதங்கள், அவ்வளவே. அந்நிலையை முதன்முதலில் அசைத்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் 1895இல் பிறந்த அவர், மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முயற்சியில்தான் தேறினார். மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்து சென்றதால் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது என்பர். மாமனாரின் பொருளுதவியும் காக்கிநாடாவைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளையின் ஆதரவும் அவரை அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அனுப்பிவைத்தன. அங்கே மருத்துவமனையில் இரவுநேர ஊழியராக வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் படித்தார். கல்விக் கடன் விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு ஒன்று தோன்றுகிறது: இந்த மதிப்பெண் பட்டியலோடு அவர் எங்களிடம் வந்திருந்தால் நாங்கள் என்ன குறிப்பு எழுதியிருப்போம்?

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து அவர் வகுத்த பாஸ்பரஸ் அளவீட்டு முறை, 1925 முதல் உயிர்வேதியியல் மாணவர்களுக்குப் பாடம். எனினும் எங்களைக் கவர்வது 1940இல் அவர் நியூயார்க் மாநிலத்து லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்த பின் நடந்தது.

இளமையில் ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்கு உடன்பிறந்தவரைப் பறிகொடுத்தவர் சுப்பாராவ். தாமும் அந்நோயால் வாடியவர். உணவின் சத்து உடலில் சேராமல் ரத்தம் வற்றச் செய்யும் நோய் அது. அத்தகைய ரத்தசோகைக்கு மருந்து உண்டு என்பதற்கான முதல் தடயம் கிடைத்தது நம் பம்பாயில்தான். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஈஸ்ட் சாறு அவர்களைத் தேற்றுவதை 1931இல் எழுதினார். அச்சாற்றில் மறைந்திருந்த சத்தே ஃபோலிக் அமிலம். அதனைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியை சுப்பாராவின் குழு 1945இல் கண்டது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியல் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ரத்தசோகையைத் தேற்றும் சத்து ரத்தப் புற்றுநோயையும் தேற்றக்கூடும் என எண்ணி, லெடர்லியில் தயாரான ஃபோலிக் அமில வகை மருந்துகளை நோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் தணியவில்லை; மேலும் விரைந்தது. எவ்வளவு கொடிய தவறு! ஆனால் அத்தவற்றை அவர் மறைக்கவில்லை. சத்து நோயை வளர்க்கிறதென்றால், சத்தைத் தடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அதற்கான பொருள்களை சுப்பாராவின் குழு அனுப்பியது. அவற்றுள் ஒன்று அமினாப்டெரின்.

பெட்டக அறைக்கு வந்து பழகிய வாடிக்கையாளர்களுக்கு அதன் செயல் எளிதில் விளங்கும். அசல் சாவியைப் போன்ற போலிச் சாவி பூட்டினுள் நுழைந்து சிக்கிக்கொண்டால், பூட்டும் திறவாது, அசல் சாவிக்கும் இடமிராது. அமினாப்டெரின் ஃபோலிக் அமிலத்தை ஒத்த வடிவுடையது. உயிரணு பெருகுவதற்குத் தேவையான வேதிவினையில் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வெறிகொண்டு பெருகும் புற்றணுக்களே முதலில் பட்டினி கிடக்கின்றன.

1948 ஜூன் மாதம் ஃபார்பர் குழுவின் கட்டுரை வெளிவந்தது. சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் முன்னேற்றம். அது தற்காலிகமே என்று அவர்களே எழுதினர். நோய் திரும்பவே செய்தது. ஆயினும் மருந்தால் இந்நோயைப் பின்வாங்கச் செய்யலாம் என்பது உறுதியாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில், தம் 53ஆம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே காலமானார். தாயகத்தில் விட்டுச்சென்ற மனைவியை அவர் மீண்டும் காணவேயில்லை. நம் அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 1995இல்.

அமினாப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் நிலைத்தது. பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கக் கற்றபின், குழந்தைகளை அதிகம் தாக்கும் தீவிர ரத்தப் புற்றுநோயில், வசதிமிக்க நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் இன்று பிழைக்கின்றனர். நம் நாட்டில் அந்த விகிதம் குறைவு. தாமதமாக வருவதும், பணம் தீர்ந்து சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதும் முக்கியக் காரணங்கள். இச்சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீள்வது. ஆகவே வைப்பை முடிக்க வருவோரிடம், ஆயுஷ்மான் பாரத் அட்டைக்கோ மாநில அரசின் காப்பீட்டுக்கோ தகுதி உண்டா என முதலில் மருத்துவமனையில் விசாரிக்கச் சொல்கிறோம்.

முடக்குவாதத்துக்கு மருந்துண்ணும் மூத்த வாடிக்கையாளர்கள் தங்கள் மருந்துச் சீட்டைப் பார்க்கலாம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம் என்று எழுதியிருக்கக்கூடும். இரண்டுமே சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் உருப்பெற்றவை.