குற்றவியல் படிப்பும் மலைநாட்டுப் பிள்ளைகளும்

"கிரிமினோலொஜி படிச்சா புள்ள பொலிசுக்குத்தான் போகணுமா சேர்?" உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு ஹட்டன் பக்கத்துப் பெற்றோர் சிலர் என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. பிள்ளைகளின் எண்ணம் வேறு. வெள்ளைக் கோட்டுப் போட்டு இரத்தத் துளியைச் சோதிப்பவர்தான் குற்றவியலாளர் என்று தொலைக்காட்சித் தொடர்கள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. இரண்டுமே சரியில்லை. இரத்தத் துளி அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகும். அங்கே வேலை செய்ய விஞ்ஞானப் பட்டம் வேண்டும். பிரேத பரிசோதனை செய்கிற சட்ட வைத்திய அதிகாரி ஒரு டொக்டர். வழக்காட வேண்டுமென்றால் சட்டம் படிக்க வேண்டும். குற்றவியல் கேட்கிற கேள்விகளோ வேறு. எது குற்றம் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? மனிதர் ஏன் அதைச் செய்கிறார்கள்? செய்தவரை அரசும் ஊரும் என்ன செய்கின்றன? பாதிக்கப்பட்டவருக்கு என்ன மிஞ்சுகிறது?

முதற் கேள்விக்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ், முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளி குற்றவாளி. துரைக்கும் அவனுக்குமான கொடுக்கல் வாங்கல் பிணக்காக அதைப் பார்க்கவில்லை; மறியலுக்கு அனுப்பக்கூடிய குற்றமாகவே சட்டம் வைத்திருந்தது. போதாததற்குத் 'துண்டு' முறை. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிற தோட்டம் ஆளைக் கொண்டுபோகலாம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். 1921இல்தான் இந்தச் சிறைத் தண்டனையும் துண்டும் சட்டத்திலிருந்து நீங்கின. இன்றைக்கு ஒருவர் "வேலய விட்டுட்டேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார். அதையே செய்ததற்காக இந்த மலைகளில் எத்தனையோ பேர் விலங்கோடு நடந்திருக்கிறார்கள். இந்த வரலாற்றைத் தெரிந்த பிள்ளைக்குக் குற்றவியலின் முதலாம் வருடப் பாடம் பாதி விளங்கிவிடும்.

இத்தாலிய வைத்தியர் லொம்புரோசோ 1876இல் வெளியிட்ட நூலில், பிறவிக் குற்றவாளிகள் உண்டு, மண்டையோட்டிலும் முகத்திலுமே அதைக் கண்டுகொள்ளலாம் என்று வாதிட்டார். அந்தக் கருத்து ஆய்வில் நிற்கவில்லை. ஆனால் 'அவங்கட பரம்பரையே அப்படித்தான்' என்று நாம் பேசும்போதெல்லாம் லொம்புரோசோ நம் திண்ணையில் வந்து குந்திக்கொள்கிறார். அமெரிக்கரான சதர்லாந்து 1939இல் வேறு பக்கம் கையை நீட்டினார். கோட்டும் டையும் கட்டியவர்கள் கம்பனிக்குள் இருந்து செய்யும் மோசடியும் குற்றம்தானே, அதை ஏன் எண்ணுவதில்லை என்று கேட்டார். வறுமைக்கும் திருட்டுக்குமுள்ள உறவு நமக்குப் புதிய விஷயமில்லை. பஞ்ச காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்கான கைவெட்டுத் தண்டனையை நிறுத்தி வைத்த செய்தியை மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். குற்றம் நடந்த சூழ்நிலையைப் பார்க்காமல் தண்டனையை மட்டும் பார்க்கக் கூடாது என்பதுதானே அது!

1963இல் ஹோவர்ட் பெக்கர் முத்திரை குத்தல் பற்றி எழுதினார். ஒரு செயலைவிட, அதைச் செய்தவர் மீது மற்றவர்கள் ஒட்டும் பெயரே அவரைக் குற்றவாளியாக்குகிறது என்பது சாராம்சம். 2019 மே மாதம் ஹசலகையில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவர் உடையிலிருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். பார்த்தவர்களுக்கு அது தர்மசக்கரமாகத் தெரிந்தது. 2007இன் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் அவர் மேல் பாய்ந்து, பல நாட்கள் விளக்கமறியலில் இருந்தார். ஈஸ்டர் குண்டுகள் வெடித்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. பெக்கரை விளங்க வைக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

சரி, எங்கே படிக்கலாம்? ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கும் குற்றவியல் நீதிக்குமென்றே ஒரு துறை இருக்கிறது. கலைப்பிரிவில் படித்தவர்கள் போகலாம், ஆனால் சிங்களமோ ஆங்கிலமோ கைவசம் வேண்டும். தமிழில்தான் முடியும் என்பவர்கள் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு மேற்படிப்பில் இந்தப் பக்கம் திரும்பலாம். கடல் கடக்க வசதியிருந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் உண்டு.

வேலை என்றால் பொலிசும் சிறைச்சாலையும் முதலில் ஞாபகம் வரும். என் அபிப்பிராயத்தில் மலைநாட்டுக்கு அதைவிட அவசரமானவை நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புப் பதவிகள். 2021 ஜூலையில், டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த ஒரு சிறுமி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். அடக்கம் செய்த உடலைத் தோண்டி எடுத்து இரண்டாம் முறையும் பரிசோதித்தார்கள். வீடு நம் சமூகத்து அரசியல்வாதி ஒருவருடையது. உடனே நம்மவர்களில் ஒரு சாரார் 'இது அரசியல்' என்றார்கள், வெளியே சிலர் 'இவங்க இப்படித்தான்' என்றார்கள். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் லயத்திலிருந்து அந்த வீடு வரைக்குமான பாதையை யாராவது ஆராய வேண்டாமா? பிள்ளை எப்போது பள்ளிக்கூடத்தை விட்டது, தரகர் யார், சம்பளம் யார் கைக்குப் போனது, இடையில் எந்த அதிகாரியாவது வயதைக் கேட்டாரா? வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆனதும் அதே 2021இல்தான். சட்டத்தை மாற்றிவிடலாம், தோட்டத்துக்கு ஏறிப்போய் தாயோடு தமிழில் பேச ஆள் வேண்டும். குற்றவியல் படித்த பிள்ளையின் வேலை அங்கேதான் இருக்கிறது.

சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம், 1998இல் சட்டமாக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை, குற்றத்துக்குள்ளானோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் அதிகார சபை என்று இன்னும் இடங்கள் இருக்கின்றன. பட்டம் கையில் வந்தவுடன் கதவு திறக்காது. வர்த்தமானியைப் பார்த்து விண்ணப்பித்து, போட்டிப் பரீட்சை எழுதித்தான் நுழைய வேண்டும்.

1987இன் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழி. இருந்தாலும் தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாத கை அதற்குக் கீழே கையொப்பம் வைப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். "என்ன எழுதினாங்கன்னு தெரியாது சேர், சைன் பண்ணச் சொன்னாங்க" என்றார் அந்தக் கொழுந்து பறிக்கும் அம்மா. ஆகவே குற்றவியலுக்குப் போக நினைக்கிற பிள்ளை உயர்தரம் முடிந்து கம்பஸ் திறக்கும்வரை கிடைக்கிற மாதங்களில் சிங்களம் எழுதப் பழகட்டும். பேசத் தெரிந்தால் மட்டும் போதாது, எழுதியதை வாசித்துத் திருத்தச் சொல்லவும் தெரிய வேண்டும்.