கடுகும் களைக்கொல்லியும்

இராயபுரத்து மளிகைக் கடையில் ஒரு லிட்டர் எண்ணெய்ப் பொட்டலம் வாங்குகிறவர், அது எந்தத் தேசத்து நிலத்தில் விளைந்ததென்று விசாரிப்பதில்லை. விசாரித்தால் வியப்படைவார். இந்தோனேஷியா, மலேஷியாவின் பாமாயிலும், ருஷ்யா, உக்ரேன் தேசங்களின் சூரியகாந்தி எண்ணெயும் அக்கடைக்கு அண்மையிலுள்ள துறைமுகத்தில் கப்பல் கப்பலாக இறங்குகின்றன. தேசம் முழுவதும் ஆண்டொன்றுக்குச் சுமார் 160 லட்சம் டன் எண்ணெய் இறக்குமதியாகிறது. நாம் உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் அந்நிய எண்ணெயே. 1856-ல் இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் இரயில் ஓடத் தொடங்கிற்று. பிற்காலத்தில் அந்த ஆற்காட்டு ஜில்லாக்களின் வேர்க்கடலை புதுச்சேரி முதலிய துறைமுகங்களின் வழியாகப் பிரான்சு தேசத்து மார்சேல்ஸ் நகர ஆலைகளுக்குச் சென்றது. வித்தை அனுப்பிய கரை இன்று எண்ணெய்க்குக் கையேந்தி நிற்கிறது.

இந்நிலைக்குப் பரிகாரமென்று முன்வைக்கப்படுவது மரபணு மாற்றிய டி.எம்.எச்.-11 என்னும் கடுகு. இது தில்லி சர்வகலாசாலையில் ஸ்ரீ தீபக் பெந்தால் தலைமையில் உருவானது. நம் தேசத்து விஞ்ஞானிகளின் பல்லாண்டு உழைப்பை இகழ்ந்து பேசுவோர் கூட்டத்தில் நாம் சேர மாட்டோம். ஆனால் அந்த வித்துக்குள் இருப்பது இன்னதென்று குடியானவனுக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

கடுகுப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. இரு ரகங்களைக் கலந்து வீரிய வித்து உண்டாக்க வேண்டுமானால், ஒன்றை மலடாக்கியாக வேண்டும். மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஒரு மரபணு ஆண் மகரந்தத்தை அழிக்கிறது. மற்றொன்று அடுத்த தலைமுறையில் அம்மலட்டுத் தன்மையை நீக்குகிறது. மூன்றாவது மரபணு, குளுபோசினேட் என்னும் களைக்கொல்லியைச் செடி தாங்கும்படி செய்கிறது. விதை உற்பத்தியாளர் மருந்தடித்து வேண்டாத செடிகளைக் கழிப்பதற்கே இது வைக்கப்பட்டதாம். வாஸ்தவமாயிருக்கலாம். எனினும் குடியானவன் வயலில் முளைக்கும் கடுகும் அம்மருந்தைத் தாங்கவே செய்யும்.

2022 அக்டோபர் 18-ந் தேதி இக்கடுகை வெளியிடலாமென்று சிபாரிசு செய்த மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு, விதை உற்பத்திக்கன்றிச் சாகுபடியில் அக்களைக்கொல்லியைத் தெளிக்கலாகாதென்று நிபந்தனை விதித்தது. கூலியாள் கிடைக்காமல் தவிப்பவனிடம் மருந்தைத் தாங்கும் பயிரைக் கொடுத்துவிட்டு, "தெளிக்காதே" என்றால் யார் கேட்பார்? எத்தனை இன்ஸ்பெக்டர்கள் வயல் வயலாகச் சென்று பார்ப்பார்கள்? நிபந்தனை காகிதத்தில் இருப்பது வேறு, காப்பாற்றப்படுவது வேறு என்பதை எண்ணூர் ஜனங்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26-ந் தேதி இரவு கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடியது அவர்களுக்கு மறக்கவில்லை.

கடுகு தமிழ்நாட்டில் பெரிய பயிரன்றே, நமக்கேன் இந்தக் கவலையென்று சிலர் கேட்கலாம். கடுகுக்குத் திறந்த கதவு நாளைக்குக் கடலைக்கும் எள்ளுக்கும் திறவாதா? நம் கடலைக் கொல்லைகளில் களையெடுப்பவர் பெரும்பாலும் பெண்கள். அந்தக் கூலியே பல வீடுகளில் உலை ஏற்றுகிறது. சுப்ரீம் கோர்ட்டார் நியமித்த நிபுணர் குழுவில் பெரும்பான்மையோர், களைக்கொல்லி தாங்கும் பயிர்கள் நம் நாட்டுக்கு ஏற்றவையல்லவென்று 2013-ல் கூறியதற்கு இந்த ஜீவனமும் ஒரு காரணம்.

மறுபக்கத்தாரின் கேள்வியும் தள்ளத்தக்கதன்று. அமெரிக்கக் கண்டத்தில் களைக்கொல்லி தாங்கும் சோயாவிலிருந்து எடுத்த எண்ணெயை இறக்குமதி செய்ய 2007-லேயே அனுமதி கொடுத்தாயிற்று. அதை உண்ணலாம், இங்கே விளைவிக்கக் கூடாது என்பது என்ன நியாயம் என்கிறார்கள். சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ அநேகமாக மிஞ்சுவதில்லை. ஆதலால் நம் ஆட்சேபம் உண்பவர் வயிற்றைப் பற்றியதன்று, விளைவிப்பவர் வயலைப் பற்றியது.

டி.எம்.எச்.-11 வருணா என்னும் ரகத்தைவிட 28 சதவீதம் அதிகம் விளையுமென்கிறார்கள். வருணா பழைய ரகமாயிற்றே என்ற ஆட்சேபம் ஒருபுறமிருக்க, விளைச்சல் ஒன்றினால் மட்டும் இறக்குமதி நின்றுவிடுமா? 1986-ல் எண்ணெய்வித்து இயக்கம் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே, இம்மரபணுக்கள் ஏதுமின்றி, தேசம் ஏறக்குறைய தன் தேவைக்கு விளைவித்துக்கொண்டது. 1994-ல் பாமாயிலுக்குக் கதவு திறந்தது; 65 சதவீதமாயிருந்த தீர்வை நாலைந்து ஆண்டுகளில் 15 சதவீதமாயிற்று. குடியானவன் வித்தை விட்டு வேறு பயிருக்குப் போனான். 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய்க்கு 20 சதவீதமாக ஏற்றிய அடிப்படைத் தீர்வையை, 2025 மே மாதக் கடைசியில் 10 ஆக்கினார்கள். பட்டணத்து அடுப்பை நினைத்தால் குறைக்கிறார்கள், வயலை நினைத்தால் ஏற்றுகிறார்கள். இந்த ஊசலில் எவன் தைரியமாகக் கடலை விதைப்பான்?

2024 ஜூலை 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் இருவரும் அனுமதி செல்லுமா என்பதில் பிரிந்தனர். ஆனால் மாகாணங்களையும் விவசாயிகளையும் கலந்து தேசியக் கொள்கை வகுக்க வேண்டுமென்பதில் ஒன்றுபட்டனர். அந்தக் கலந்தாலோசனை டில்லி அறைகளோடு முடியலாகாது. விழுப்புரத்துக் கடலைக்காரரையும், களையெடுக்கும் பெண்ணையும், எண்ணெய் வாங்கும் இராயபுரத்துக் குடும்பத்தாரையும் தமிழிலேயே கேட்க வேண்டும். தெளிக்கலாகாதென்ற நிபந்தனையை மீறினால் பொறுப்பு விதை விற்றவனுக்கா, வாங்கியவனுக்கா என்பதையும் சர்க்கார் முதலில் சொல்லட்டும்.