மலைக்குக் கூட்டிப் போகும் முன்: கடைசி ஆளின் வேகக் கணக்கு

கோவையில் இருப்பவர்களுக்கு மலை தூரத்துப் பொருள் இல்லை. கொஞ்சம் உயரமான மொட்டை மாடியில் ஏறி மேற்கே பார்த்தால் போதும், நிற்கும். அதனாலேயே ஆபீஸிலோ அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவிலோ யாராவது ஒருத்தர் ஆரம்பித்து விடுவார்: "ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒரு மலைக்குப் போய்ட்டு வந்தர்லாமா?" உடனே வரும் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர்?" இரண்டாவது, "சாப்பாடு எங்கீங்க?" இரண்டாவது கேள்வி நியாயமானது. முதல் கேள்விதான் மலைக்கு உதவாது.

கேட்க வேண்டியவை வேறு மூன்று: எவ்வளவு மீட்டர் ஏற்றம், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் கீழே இருக்க வேண்டும். ஒரு பகல் நடைக்கு 15, 20 பேரைக் கூட்டிப் போகும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால் இந்த மூன்றையும் வைத்து எப்படிக் கணக்குப் போடுவது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஏற்றம். 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கைக்கணக்கு எழுதி வைத்தார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். நம் அளவில் சொன்னால் 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. 130 வருஷம் கழித்தும் ஜிபிஎஸ் செயலிகளின் நேர மதிப்பீடு பலவற்றுக்கு அடிப்படை இதுவோ இதன் திருத்திய வடிவமோதான். பின்னால் எரிக் லாங்முயர் செங்குத்தான இறக்கத்துக்கு ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிடம் கூட்டச் சொன்னார். இறங்குவது சுலபம் என்று நினைப்பவர்களின் முழங்காலுக்கு அந்தத் திருத்தம் புரியும்.

நமக்குத் தெரிந்த மலையிலேயே போட்டுப் பார்ப்போம். வெள்ளியங்கிரி, பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழாவது மலை வரை சுமார் 6 கி.மீ. சமதரையில் அது ஒன்றேகால் மணி நேர நடை. ஆனால் ஏற்றம் 1,200 மீட்டருக்கு மேல். நெய்ஸ்மித் கணக்கில் மூன்றே கால் மணி நேரம் ஆகிறது. அதுவும் நல்ல உடற்கட்டு உள்ள, பழக்கப்பட்ட ஒற்றை ஆளுக்கு, நிற்காமல் நடந்தால். முதல் தடவை போகிறவர்களுக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் ஆவது சாதாரணம். "ஆறு கிலோமீட்டர்தானே" என்று கிளம்புவதில் உள்ள ஆபத்து இதுதான். 2024 சீசனில் மட்டும் பல பக்தர்கள் அந்த மலையில் மூச்சுத்திணறியும் மாரடைப்பு வந்தும் இறந்தார்கள். இதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் வருகிறது. அங்கே பெரும்பாலும் இரவில் ஏறுகிறார்கள். அது கோயில் மரபும் வெயிலைத் தவிர்ப்பதும் சேர்ந்த ஏற்பாடு. நான் இங்கே பேசுவது பகல் நடையைப் பற்றி மட்டும்.

ஏற்றத்தைத் தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. இந்திய சர்வே துறையின் 1:50,000 நிலவரைபடங்களில் சம உயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டர் இடைவெளியில் இருக்கும். பாதை எத்தனை கோடுகளை வெட்டுகிறது என்று எண்ணி 20-ஆல் பெருக்கினால் போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பாதை நடுவில் இறங்கி மறுபடி ஏறினால், அந்த மறு ஏற்றத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். அடிவாரத்தின் உயரத்தை உச்சியின் உயரத்திலிருந்து கழித்துவிட்டு "400 மீட்டர்தான்" என்று சொல்லி விடுகிறார்கள். நடுவில் இரண்டு பள்ளம் இருந்தால் அது 550 ஆகியிருக்கும்.

அடுத்தது ஆட்கள். சாஃப்ட்வேர்காரர்களுக்கு இந்த விஷயம் எளிதாகப் புரிய வேண்டும், ஆனால் மலையில் மறந்து விடுகிறார்கள். எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் எழுதிய 'தி கோல்' தொழிற்சாலை நிர்வாகம் பற்றிய நாவல். அதில் கதாநாயகன் சாரணச் சிறுவர்களை ஒரு நடைக்குக் கூட்டிப் போவான். வரிசை நீண்டுகொண்டே போகும். ஹெர்பி என்ற பையன்தான் மெதுவானவன். கடைசியில் ஹெர்பியை முன்னால் விட்டு, அவன் பையில் இருக்கும் சுமையை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்ததும் மொத்தக் கூட்டமும் வேகமாகும். கோல்ட்ராட் அதை உற்பத்தி வரிசைக்கு உவமையாக வைத்தார். மலைக்குப் போகிற நமக்கு உவமை வேண்டாம், அந்தக் காட்சியே போதும். குழுவின் வேகம் சராசரி ஆளின் வேகம் கிடையாது. கடைசி ஆளின் வேகம்.

கூட்டத்தில் இன்னொரு அநியாயம் நடக்கும். வேகமான நாலு பேர் ஒரு பாறை மேல் உட்கார்ந்து பத்து நிமிடம் காற்று வாங்குவார்கள். கடைசி ஆள் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்ததும் "ஆ, வந்தாச்சு, கிளம்பலாம்" என்று எழுந்து விடுவார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது. மூன்றாவது நிறுத்தத்தில் அவருக்குக் கால் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஓய்வு நேரம் கடைசி ஆள் உட்கார்ந்த நொடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று பாதை தெரிந்த இரண்டு பேர் வேண்டும். முன்னவரை யாரும் முந்தக் கூடாது, பின்னவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. இந்த விதியைக் கீழேயே சொல்லிவிட வேண்டும். மேலே போன பிறகு சொன்னால் யார் கேட்கிறார்கள்?

கடைசி ஆள் யார் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? சென்னிமலை இருக்கவே இருக்கிறது. 1,320 படிகள்; 150, 200 மீட்டர் ஏற்றத்துக்கு நல்ல சோதனைக் களம், ரோடும் உண்டு, முடியாதவர் பஸ்ஸில் இறங்கலாம். குழுவை அதற்கு முந்தைய ஞாயிறு அங்கே ஏறச் சொல்லி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 20, 25 நிமிடத்தில் ஏறுபவர் நெய்ஸ்மித் ஆள். 45 நிமிடம் ஆகிறவர் வந்தால் கணக்கு இரண்டு மடங்காகும் என்று அர்த்தம். அவரை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை, அவருக்கேற்ற மலையைத் தேர்ந்தெடுங்கள். முருகன் தரிசனம் கூடுதல் லாபம்.

ஒரு கணக்கை முழுசாகப் போடுவோம். போக வர 8 கி.மீ., ஏற்றம் 400 மீட்டர், 18 பேர். நெய்ஸ்மித்: தூரத்துக்கு 96 நிமிடம், ஏற்றத்துக்கு 40 நிமிடம், ஆக 136. பழக்கமில்லாத கலவையான குழுவுக்கு நான் ஒன்றரையால் பெருக்குவேன்: 204. ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என இரண்டு ஓய்வு, 15 நிமிடம் வீதம், மேலே சாப்பாட்டுக்கு 40, ஆக 70. பிறகு எல்லோரும் விட்டுவிடும் ஒன்று: ஓடை, பாறை, சாய்ந்து கிடக்கும் மரம் என ஒவ்வொருவராகத்தான் கடக்க முடியும் என்கிற இடங்கள். ஆளுக்கு 20 நொடி என்றாலும் 18 பேருக்கு ஆறு நிமிடம். அப்படி மூன்று இடம், போகும்போதும் வரும்போதும் என்றால் 36 நிமிடம். மொத்தம் 310 நிமிடம், அதாவது 5 மணி 10 நிமிடம். தனி ஆளுக்கு இரண்டே கால் மணி நேர நடை 18 பேருக்கு ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. கால் பங்கு சேமிப்பு நேரம் சேர்த்தால் ஆறரை மணி.

காலை 7:30-க்கு நடக்கத் தொடங்கினால் மிக மோசமான நாளிலும் மதியம் 2 மணிக்குக் கீழே. ஆனால் நம் ஊர்ப் பயணங்கள் எப்படி நடக்கும் என்று தெரியும். வேன் ஒருத்தருக்காக அரை மணி நிற்கும், வழியில் டிபன், அடுத்த கடையில் காபி. 10 மணிக்கு நடக்க ஆரம்பித்தால் அதே கணக்கு மாலை 4:30-ல் முடியும்.

4:30-க்கு என்ன, இருட்ட இன்னும் நேரம் இருக்கே என்று தோன்றலாம். கோவையில் சூரிய அஸ்தமனம் நவம்பரில் 6 மணிக்குச் சற்று முன்னால், ஜூனில் 6:45-ஐ ஒட்டி. அது காலண்டரில். நாம் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குப் பக்கம். மாலையில் சூரியன் முதலில் மலைமுகட்டுக்குப் பின்னால் போகும். பள்ளத்தாக்கில் வெயில் ஐந்து மணிக்கே போய்விடும், மரங்களுக்கு அடியில் இன்னும் முன்னால். நம் அட்சரேகையில் அந்தி வெளிச்சமும் நீளாது, அஸ்தமனம் ஆகி அரை மணிக்குள் கால் வைக்கும் இடம் தெரியாது. இதைவிட முக்கியம் யானை. ஆனைகட்டி, தடாகம், போளுவாம்பட்டி, சிறுவாணி அடிவாரம் எல்லாம் யானை நடமாடும் பகுதி. வெயில் தாழ்ந்ததும் தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் இறங்கும். 4:30 என்பது அவற்றின் நேரத்துக்குள் நாம் போவது.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். கீழே இருக்க வேண்டிய நேரத்தை முதலில் எழுதி, அதிலிருந்து இறங்கும் நேரத்தையும் சேமிப்பையும் கழித்தால் திரும்பும் நேரம் கிடைக்கும். மேலே சொன்ன நடையில் அது 11 மணி. 11 மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்ப வேண்டும். உச்சி இன்னும் பத்து நிமிடத்தில் என்றாலும் சரி. நேரத்தைக் கீழேயே முடிவு செய்வதற்குக் காரணம், மேலே உச்சி கண்ணுக்குத் தெரியும்போது யாருக்கும் புத்தி சரியாக வேலை செய்யாது.

நேரத்தைப் போலவே தேதியும் ஒரு முடிவு. குரங்கணியை இங்கே பேசாமல் இருக்க முடியாது. 2018 மார்ச் 11, ஞாயிறு. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி-கொழுக்குமலைச் சரிவில், சென்னையிலிருந்து போன ஒரு குழுவும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து போன ஒரு குழுவும் காட்டுத்தீயில் சிக்கின. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம்ம சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் போயின. அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் அசட்டுத் துணிச்சல்காரர்கள் அல்ல. வாரக் கடைசியில் மலை பார்க்கப் போன வேலைக்காரர்கள், உங்களையும் என்னையும் போல.

மார்ச் மாதம், ஆளுயரக் காய்ந்த புல், செங்குத்துச் சரிவு. தீயணைப்பில் ஒரு கைக்கணக்கு உண்டு: மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 30 டிகிரியில் எட்டு மடங்கு. மனிதன் அதே சரிவில் நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஏறிக்கொண்டிருப்பான். ஓடித் தப்பிப்பது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை, அன்று அங்கே இருந்திருக்கவே கூடாது என்பதுதான் ஒரே பாதுகாப்பு. பிப்ரவரி பாதியிலிருந்து கோடை மழை பிடிக்கும் வரை புல் காய்ந்த சரிவுகளில் குழு நடை போடக் கூடாது என்பது என் கருத்து. அனுமதி கிடைத்தாலும்தான். நடக்க நல்ல காலம் டிசம்பர், ஜனவரி. அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் இடி மின்னல். காலையிலேயே முடித்துக்கொண்டால் பரவாயில்லை. ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும், வால்பாறைப் பக்கம் போனால் அட்டை.

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள், எளிது, மிதமானது, கடினம் என்று வகை பிரித்து ஆன்லைனில் பதிவு செய்யும்படி வைத்திருக்கிறார்கள். டாப்ஸ்லிப், ஆழியாறு என்று நம் மாவட்டப் பாதைகளும் உண்டு. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருப்பதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி. கட்டணம் அதிகம் என்று புலம்புகிறவர்கள், அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் கால் வைப்பதே குற்றம் என்பதை மறந்து விடுகிறார்கள்.

வழிகாட்டி என்றதும் ஒரு சங்கடமான விஷயம். ஆனைகட்டிப் பக்கம் இருளரோ, ஆனைமலையில் மலசரோ காடரோ, கூட வருகிறவருக்கு அந்தக் காடு வீடு. யானை அருகில் இருப்பது அவருக்கு வாசனையில் தெரியும். "அந்தப் பக்கம் வேண்டாமுங்க" என்று மெதுவாகச் சொல்வார். நம் ஆள் ஒருவர் "அட, ஒரு போட்டோ எடுத்துட்டு வந்தர்றோம்" என்பார். வழிகாட்டி மறுபடி சொல்ல மாட்டார். அவருக்குத் தெரியாததால் இல்லை. காசு கொடுத்து வந்த டவுன்காரரை, 'சாரை', எப்படித் தடுப்பது என்ற தயக்கம். காட்டை நன்றாகத் தெரிந்தவரின் பேச்சுக்குத்தான் குழுவில் எடை குறைவாக இருக்கிறது. அதைச் சரிசெய்வது ஏற்பாடு செய்தவரின் வேலை. அடிவாரத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் "இன்னைக்கு அண்ணன் சொல்றதுதான் முடிவு, அவர் திரும்புன்னா திரும்பணும்" என்று அறிவித்து, திரும்பும் நேரத்தையும் அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் போட்ட கணக்கு 11 என்றும் அவர் 10:30 என்றும் சொன்னால், 10:30.

மற்றவை சுருக்கமாக. தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், ஆக ஆளுக்கு மூன்று லிட்டர்; பாதிப் பேர் ஒரு பாட்டிலோடு வருவார்கள், வேனிலேயே சோதியுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், டார்ச், விசில். சென்ட் போட்டுக்கொண்டு வர வேண்டாம், தேனீ உண்டு. புதுச் செருப்பு, புது ஷூ இரண்டும் வேண்டாம்.

கிளம்பும் முன் ஒரு தாளில் பெயர்கள், வீட்டு போன் நம்பர், பாதை, கீழே வர வேண்டிய நேரம் எழுதி, குழுவில் வராத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மேலே டவர் கிடைக்காது என்பதால் இது வாட்ஸப்பில் 'லொகேஷன் ஷேர்' பண்ணுவதைவிட நம்பகமானது. குறித்த நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியும் தகவல் வரவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று, அந்த வனச்சரக அலுவலக நம்பரையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். இறங்கியதும் தலையை எண்ணி, அவருக்கு போன் போட்டு "பதினெட்டுப் பேரும் வந்தாச்சுங்க" என்று சொன்ன பிறகு டீக்கடைக்குப் போகலாம்.